மூன்றாவது கல்வரிசை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் அத்தையும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு உண்மை என்பதைப் போகப்போக நீயே தெரிந்துகொள்வாய். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈர உடுப்போடு காற்றில் நிற்காமல், உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நீ ‘என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் அங்கேயே உடைந்துபோவேன். அது மட்டுமில்லை, உனக்கு எழுதச் சொன்னதே அவர்தான். என்ன எழுதச் சொன்னார் என்பதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ அந்த ஆற்றுப் பூங்காவுக்குப் படம் வரைந்து அனுப்பிய நாளிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. ஊரே ஒன்றுகூடி ஆற்றில் கயாக் படகு ஓட்ட ஒரு பூங்கா கட்டுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கல் வேலை அப்பாவின் பொறுப்பு என்பதால் அந்த ஊர் முழுக்கச் செருப்பைக் கழற்றிப் போடுவது நம் வாசலில்தான். கூடத்தில் மூன்று கயாக்குகள் நீட்டிப் படுத்திருக்கின்றன, விருந்துக்கு வந்த சம்பந்திகளைப் போல, எழுப்பவும் முடியாது, தாண்டிப் போகவும் முடியாது. சமையலறைக்கு நான் ஒருக்களித்துத்தான் போகிறேன். வாசல் கதவு பாதிக்கு மேல் திறப்பதில்லை, பின்னால் துடுப்புகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பி முழுக்க ஈர லைஃப் ஜாக்கெட் தொங்குவதால் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, பகலில்கூட விளக்கைப் போட்டுக்கொண்டு அரிசி பார்க்கிறேன். உன் அத்தை ஒரு ஹெல்மெட்டை எடுத்து அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறார், கேட்டால், “இவனுங்க தலைக்குள்ள இருக்கறதைவிட இதுக்கு மதிப்பு ஜாஸ்தி” என்கிறார். உன்னிடம் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பெட்டியை இறக்கி வைத்தேன் அல்லவா, முதலில் ஒரு கூட்டம் குறுக்கே வந்தது, பிறகு சிமெண்டு வந்தது, பிறகு கிரேன் வந்தது. இப்போது அந்தப் பெட்டிக்குள் மீட்புக் கயிறுகளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிற்பதுதான் என் உயிரை வாங்குகிறது. நீ தண்ணீரைப் படித்தவள், அவர் கல்லோடு வளர்ந்தவர், நீங்கள் இரண்டு பேரும் நேராகப் பேசினால் நாலாவது வாக்கியத்தில் சண்டை. அதனால் நீ என்னிடம் சொல்வாய், நான் அவரிடம் சொல்வேன், அவர் முறைப்பார், அந்த முறைப்பை நான் கொஞ்சம் சர்க்கரை போட்டு உனக்குத் திருப்பிச் சொல்வேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அந்த இடியாவது தாளத்தோடு விழும், எனக்கு அதுவும் கிடையாது. ஆற்றின் குறுக்கே வைக்கிற ஐந்து கல்வரிசைகளில் மூன்றாவதை வைக்கும் முன் நீ போனில் என்ன சொன்னாய் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “அம்மா, அந்த வரிசைதான் முக்கியம். தண்ணி அதுக்கு மேல ஏறி விழுந்து கீழ சுருளும், அந்தச் சுருள்லதான் கயாக்காரங்க விளையாடுவாங்க. கல்லு வளைஞ்சு இருக்கணும். ஆத்துல மேல இருந்து வர்றவன் கண்ணுக்கு அது சிரிச்ச மூஞ்சியாத் தெரியணும். ரெண்டு ஓரமும் கீழ்ப்பக்கம் போயிருந்தா தண்ணி ஆளை ஓரமாத் தள்ளி வெளிய விட்டுடும். மாத்தி வச்சா மூஞ்சி தொங்கிடும், ஆளைப் பிடிச்சு வச்சுக்கும், விடாது.” நான் இதை அப்படியே, மேலேயிருந்து வருகிறவன் கண்ணுக்கு என்பதை இரண்டு தடவை அழுத்தி, அப்பாவிடம் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்றார். அவருக்குத் தெரியாதது இந்த உலகத்தில் எது இருக்கிறது? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கல் வைத்த அன்று நான் வீட்டில் வேலைக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். கிரேன் நிற்கக் கெட்டியான தரை, தண்ணீர் இறங்கிப் போகிற கீழ்ப்பக்கத்துக் கரையில்தான் இருந்ததாம், அதனால் அப்பாவும் அங்கேயே நின்று கையைக் காட்டிக் காட்டிக் கல்லை இறக்கியிருக்கிறார். ஊர் ஆட்களும் அந்தக் கரையில்தான் இருந்திருக்கிறார்கள், டீ கொடுத்த கூடாரமும் அங்கேதான். கடைசிக் கல் உட்கார்ந்ததும் எல்லாரும் கைதட்டி, சிரிச்ச மூஞ்சி வந்துடுச்சு, வந்துடுச்சு என்று அப்பாவைத் தூக்காத குறை. அங்கேயே நின்று போட்டோ எடுத்து, அதையே திறப்பு விழாச் சுவரொட்டியிலும் போட்டார்கள். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தக் கல்வரிசை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. நம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்கூட ஒன்று ஒட்டியிருக்கிறது, நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், என் மகள் வரைந்தது, என் புருஷன் கட்டியது என்று.

திறப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நம் பேக்கரிக்காரர் முதலில் இறங்கினார். அவரை உனக்குத் தெரியும், ஆள் பெரிய உடம்பு, ஆனால் கயாக்கில் உட்கார்ந்தால் இறகு. முதல் வரிசையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார், கையைத் தூக்கிக் காட்டினார். மூன்றாவதில் விழுந்தவர் வெளியே வரவில்லை. துணி துவைக்கும் மிஷினுக்குள் போட்ட சட்டையைப் போல் அந்தச் சுருளுக்குள்ளேயே புரண்டார், படகு ஒரு தரம் தெரிகிறது, தலை ஒரு தரம் தெரிகிறது, பிறகு இரண்டும் இல்லை. ஓரத்துக்கு வந்தால் தண்ணீர் திருப்பி நடுவுக்கே இழுக்கிறது. நான் கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். கயிறு வீசினார்கள், எட்டவில்லை, மறுபடி வீசினார்கள். உன் அப்பாவுக்கு நீச்சல் எந்த லட்சணத்தில் தெரியும் என்று உனக்குத் தெரியும், அந்த மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். இன்னும் அவர் உள்ளங்கை ஆறவில்லை, தோல் உரிந்து சிவந்துதான் கிடக்கிறது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், மற்றதை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. பேக்கரிக்காரர் உயிரோடு வந்தார், தோள்பட்டை மட்டும் கழன்றுவிட்டது.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். நகராட்சி இன்ஜினியர் வந்து, எங்கே தப்பு நடந்தது என்று கேட்டார். கேள்வி பொதுவாகத்தான் கேட்டார், ஆனால் எல்லார் கண்ணும் அப்பா பக்கம் திரும்பியது. அவர் எழுந்து, “படத்துல இருக்கறபடிதான் வச்சேன்” என்றார். அவ்வளவுதான். உன் பெயரைச் சொல்லவில்லை, குறை சொல்லவில்லை, அந்த ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. காய்கறிக் கடையில் என் காது படவே, “எங்கயோ உக்காந்துகிட்டு ஆத்தைப் பாக்காம படம் போட்டா இப்படித்தான் ஆகும்” என்று ஒருத்தி சொன்னாள். நான் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே நின்றேன், எனக்கும் அப்போது உண்மை தெரியாது, என் பிள்ளைதான் எங்கேயோ கை தவறிவிட்டாளோ என்று எனக்கே ஒரு பயம். அந்தப் பயத்துக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் பேக்கரிக்காரரைப் பார்த்தேன். ஒரு கையைக் கட்டித் தொங்கவிட்டு, மற்றொரு கையால் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “அக்கா, பாப்பா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. சின்ன வயசு, தப்பு வர்றது சகஜம்தானே. அவகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க, மனசைப் போட்டு வருத்திக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன், பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல் பாலத்தின் வழியாக நடந்தேன். நான் எப்போதும் கீழ்க்கரைப் பாதையில்தான் போவேன், அந்தப் பாலத்தில் நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நடுவில் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை மாற்றிக்கொள்ள நின்றேன். கீழே பார்த்தேன். தண்ணீர் எனக்குப் பின்னாலிருந்து வந்து, என் காலுக்கடியில் புகுந்து, முதல் வரிசை, இரண்டாவது வரிசை என்று இறங்கிப் போகிறது. மூன்றாவது வரிசை மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு ஓரமும் என் பக்கமாக வளைந்து, நடுப்பகுதி தள்ளிப்போய், அழப்போகிற குழந்தையின் வாயைப் போல. முதலில் நான் எதையோ தப்பாகப் பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். பிறகு சுவரொட்டி நினைவுக்கு வந்தது. கீழேயிருந்து பார்த்தால் சிரிப்பு, மேலேயிருந்து பார்த்தால் இப்படி. கிரேன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, படத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, தன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி வைத்திருக்கிறார் உன் அப்பா. பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் கண்ணு.

வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னேன், நான் பாலத்தின் வழியாக வந்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. அத்தை எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார், அவருக்கு எப்போது காது கேட்கக் கூடாது என்பது நன்றாகத் தெரியும். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, “அந்த ஆளு உள்ள புரளும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார். தெரிந்துதான் கூட்டத்தில் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேன். வாயில் வந்துவிட்டது, வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டை எடுத்து எறிந்திருப்பேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இந்த ஊரில் மலைச்சரிவில் நிற்கிற சுவர் எல்லாம் அவர் கட்டியது, பள்ளிக்கூடத்துச் சுவர், ஆஸ்பத்திரிச் சுவர், நம் தெருவின் சுவர், பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, சுவர்க்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு கல்வரிசையைத் தலைகீழாக வைத்தவன் என்று ஆகிவிட்டால் அந்தச் சுவருக்கெல்லாம் அடியில் இனி ஊர் பயந்துகொண்டு நடக்கும் என்கிறார். அதையும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது அவர் உனக்கு எழுதச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. “படத்துல ஒரு சின்னப் பிழை இருந்ததுன்னு அவ ஒரு வரி எழுதி அனுப்பட்டும், இன்ஜினியருக்குக் காட்டணும். அவ எங்கயோ இருக்கா, அங்க யாருக்கு இது தெரியப்போகுது. நான் இந்தத் தெருவுலதான் நடக்கணும்.” அவள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா என்று கேட்டேன். தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். போன முறை நீ பேசியபோது, முதன்முதலாக உன் ஒருத்தியின் பொறுப்பில் ஒரு பெரிய கால்வாயைத் தந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் மூச்சு வாங்கினாயே, அது என் காதிலேயே இருக்கிறது. அந்த ஒரு வரி உன் பின்னாலேயே வரும் என்பது படிக்காத எனக்கே தெரிகிறது, அவருக்கா தெரியாது?

இந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் வாயைத் திறந்தால் என் புருஷன் ஊரில் தலை காட்ட முடியாது, திறக்காவிட்டால் என் மகள் செய்யாத தப்பைச் சுமப்பாள். மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஊரே வீட்டுக்குள் வந்து போகிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை. வெளியே போகலாம் என்று கிளம்பினால் தெருக்கோடியில் சுவரொட்டி. அவரும் நானும் இரண்டு கயாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உப்பு போதுமா, போதும், என்று பேசிக்கொள்கிறோம். என்னங்க, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் போன் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் வந்ததாகப் பாவனை செய்துகொண்டு எழுந்துபோகிறார். அவரும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார், ஆப்பைப் பிடுங்கிய குரங்கு கதைதான். அவர் மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை, அதுதான் இதில் பெரிய தொல்லை, இல்லாவிட்டால் அன்றைக்கே தெருவில் நின்று கத்தியிருப்பேன்.

நேற்று இன்ஜினியர் வீட்டுக்கு வந்திருந்தார். படம் தப்பு என்றால் ஐந்து வரிசையையுமே நம்ப முடியாது, மொத்தத்தையும் கான்கிரீட் போட்டு மூடி, வேலி கட்டிவிட வேண்டியதுதான் என்றார். வைத்ததில்தான் தப்பு என்றால் அந்த ஒரு வரிசையைப் பிரித்துத் திருப்பினால் போதுமே என்றும் அவரே சொன்னார், சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஊர் ஜனம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று கட்டியது, வேலை முடிந்து வந்த நர்சும் பஸ் ஓட்டுகிறவரும் சேர்ந்து கல் சுமந்தது, எல்லாவற்றையும் மூட விட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு மனசு ஒரு பக்கமாக நின்றது.

அதனால் கேட்டுக்கொள். அந்த வரியை நீ எழுதாதே. அப்பா சொன்னதை உனக்குச் சொல்லிவிட்டேன், அது என் கடமை, இனி சொல்வது நான் சொல்வது. அவர் போன் செய்து கெஞ்சினாலும் எழுதாதே, நானே பிறகு மனம் மாறிப்போய் உன்னிடம் அழுதாலும் எழுதாதே. உன்னைப் பெற்றவர்கள் மேல் பாசம் இருக்கிறது என்று காட்ட வேறு நூறு வழி இருக்கிறது. நீ ஒத்துக்கொண்டு அவரைக் காப்பாற்றினால், நான் மிச்சக் காலமெல்லாம் உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் இந்த வீட்டுக்குள் கிடப்பேன். எனக்காக அதைச் செய்யாதே.

அவர் வராந்தாவில் நடக்கிறார், நடந்து நடந்து வாசற்படியில் இருமுகிறார், எழுதியாயிற்றா என்று கேட்பதற்குப் பதிலாக அந்த இருமல். இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை, உருளைக்கிழங்கு ஹெல்மெட்டைக்கூட விடாமல், அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். கத்துவாரோ, கிழித்துப்போடுவாரோ, தெரியாது. கிழித்தால் மறுபடி எழுதுவேன், எனக்கென்ன, காகிதம் நிறைய இருக்கிறது. கீழே கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறேன்.

நீ தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், உன் கையால் கட்டுகிற கால்வாயில் எந்தப் பிள்ளையும் மூச்சு முட்டாமல் வெளியே வரும்படியாக, நன்றாக இரு. தண்ணீரில் தனியாக இறங்காதே, கரையில் கயிறு பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் இறங்கவே இறங்காதே, இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். கண் டாக்டரிடம் போகச் சொன்னேன், போயிருக்க மாட்டாய், போ.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

மகளுக்கு,

அம்மா படித்துக் காட்டினாள். உன் படம் சரி. நான் கீழ்ப்பக்கம் நின்றுகொண்டு வைத்துவிட்டேன். பேக்கரிக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும், இப்போதே கிளம்புகிறேன், அங்கிருந்து இன்ஜினியரிடம் போவேன். அந்த வரிசையை எந்தக் கல்லிலிருந்து பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போன் செய். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல்.

அப்பா